வீடு பிரான்ஸில், வேலை ஸ்விஸ்ஸில்: தினமும் நாடு தாண்டும் பிழைப்பு எப்படி நடக்கிறது?

புதுச்சேரியில் பிரான்ஸ் மாப்பிள்ளை புது விஷயமே இல்லை. முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ விசாரித்தால், பாரிஸ் பக்கம் ஒரு சித்தப்பாவோ மாமாவோ உள்ள குடும்பம் எப்படியும் அகப்படும். ஆனால் வரன் பேசும்போது இப்போதெல்லாம் இன்னொரு தகவலும் சேர்ந்து வருகிறது: "பையனுக்கு வீடு பிரான்ஸ்ல, வேலை ஸ்விஸ்ல. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடுவாரு." பெண் வீட்டார் அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் குழம்புவார்கள். தினமும் நாடு விட்டு நாடா? விசா? வரி எங்கே கட்டுவார்? உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி? வேலை போய்விட்டால் யார் கொடுப்பார்கள்?

இந்தக் கேள்விகளில் பயணம்தான் மிகச் சுலபமானது. ஜெனீவாவை ஒட்டி இருக்கும் ஆன்மாஸ் பிரெஞ்சு ஊர். 2019 டிசம்பரில் ஓடத் தொடங்கிய லெமான் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஜெனீவாவின் பெரிய ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷத்துச் சொச்சம். கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரியில் இறங்க அதைவிட அதிக நேரம் ஆகும். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து டிராம் எல்லையைத் தாண்டி சேன்-லூயி என்ற பிரெஞ்சு ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரைன் நதிப் பாலத்தைக் கடந்து ஜெர்மனியின் கெல் ஊருக்கு 2017 முதல் டிராம் போகிறது. ஸ்விட்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டதால் வழக்கமான நாளில் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை, முத்திரையும் கிடையாது.

இப்படி ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு, இன்னொரு நாட்டில் வேலை பார்த்து, தினமுமோ குறைந்தது வாரம் ஒரு முறையோ வீடு திரும்புகிறவரை ஐரோப்பியச் சட்டம் 'எல்லைப் பணியாளர்' என்று தனி இனமாகவே வைத்திருக்கிறது. பிரான்ஸில் 'ஃப்ரோந்தாலியே' என்பார்கள். ஸ்விட்சர்லாந்தில் மட்டும் இவர்கள் சுமார் 4 லட்சம் பேர். பாதிக்கு மேல் பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள். லக்சம்பர்க் என்ற குட்டி நாட்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். அங்கே சம்பளம் வாங்குகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ராத்திரி தூங்குவது வேறு நாட்டில்.

காரணம் சம்பளம்தான், வேறென்ன. ஜெனீவாவில் 2020இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்திக் கொண்டுவந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23 ஸ்விஸ் பிராங்க். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பிரான்ஸில் 2024 நவம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.88 யூரோ. ஒரு பிராங்க் ஏறக்குறைய ஒரு யூரோ என்று வைத்துக்கொண்டால், இருபது நிமிஷ ரயில் பயணத்துக்கு அந்தப் பக்கம் கூலி இரட்டிப்பு. அதே சமயம் ஜெனீவாவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. சம்பாதிப்பது அங்கே, செலவழிப்பது இங்கே. ஆன்மாஸில் பிரெஞ்சுச் சம்பளம் வாங்குகிற ஆசிரியரும் நர்ஸும் வாடகை ஏறுவதைப் பார்த்து வயிறெரிவது இன்னொரு கதை.

சரி, யார் வேண்டுமானாலும் இப்படிப் போய் வரலாமா? முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதவு திறந்திருப்பதன் வேர் 1962இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அன்றைக்குப் பட்டாளத்துச் சொல்தாக்களும் அரசு வேலையில் இருந்தவர்களும் உட்படச் சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் பேரன் பிறந்தபோது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்பது ஐரோப்பா முழுக்க வேலை பார்க்கும் உரிமையாகிவிட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத ஸ்விட்சர்லாந்தும் 2002 ஜூனில் அமலுக்கு வந்த ஆள் நடமாட்ட ஒப்பந்தத்தால் அதில் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் ஜெனீவாவில் வேலை கிடைத்ததும் 'ஜி பர்மிட்' என்ற எல்லைப் பணி அட்டைக்கு விண்ணப்பிக்கிறார். ஓராண்டுக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் இருந்தால் அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வாரம் ஒரு முறையாவது வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை.

கல்யாணமாகி இந்திய பாஸ்போர்ட்டோடு போகிற பெண்ணின் நிலைமை வேறு. இதைப் பெண் வீட்டார் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர் வெளிநாட்டில் கல்யாணம் செய்வதற்கு முன்பே தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். தாலி கட்டி, பதிவு முடிந்த பிறகு அதை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்புறம்தான் மனைவிக்கான நீண்டகால விசா. இத்தனையும் முடித்து அங்கே போனால் பிரான்ஸில் அவர் வேலை பார்க்கலாம். ஆனால் அதே தெருக்கோடியில் டிராம் ஏறி பாசலில் போய் வேலை பார்க்க அந்த விசா போதாது. ஐரோப்பியரல்லாதவருக்கு ஸ்விஸ் எல்லைப் பணி அட்டை வேண்டுமானால் பக்கத்து நாட்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருக்க வேண்டும், எல்லைப் பகுதியில் ஆறு மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். புருஷன் தினமும் போகிற ஊருக்கு மனைவி காய்கறி வாங்கப் போகலாம், கல்லாவில் உட்காரப் போக முடியாது. இதைத் தெரியாமல், "உனக்கும் அங்கேயே வேலை பார்த்துடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு.

இனி வரி. இங்கேதான் 'எல்லைக்கு அந்தப் பக்கம்' என்ற ஒற்றைச் சொல் ஏமாற்றுகிறது. பாசல் நகரம், வோ, நோஷத்தேல், ஜூரா உள்ளிட்ட எட்டு ஸ்விஸ் மாநிலங்களுக்கும் பிரான்ஸுக்கும் 1983 ஏப்ரல் 11 தேதியிட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற எல்லைப் பணியாளர் வரி கட்டுவது வீடு இருக்கும் பிரான்ஸுக்கு. ஜெனீவா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அங்கே வேலை பார்த்தால் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துவிடுவார்கள்; பிரான்ஸிலும் கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் அதே வருமானத்துக்கு இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. ஒரே வேலை, ஒரே சம்பளம், சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி வோ மாநிலத்து லோசானில் பார்த்தால் வரி ஒரு நாட்டுக்கு, ஜெனீவாவில் பார்த்தால் இன்னொரு நாட்டுக்கு.

வரியை வாங்கிக்கொண்ட நாடு மற்றதுக்கு ஒரு பங்கும் தருகிறது. அந்த எட்டு மாநிலங்களுக்கு பிரான்ஸ் ஆண்டுதோறும் எல்லைப் பணியாளர்களின் மொத்தச் சம்பளத்தில் 4.5 சதவீதம் கொடுக்கிறது. ஜெனீவா, தன் பங்குக்கு, எல்லையோர பிரெஞ்சு மாவட்டங்களான 'ஏன்' (Ain), 'ஓத்-சவ்வா' இரண்டுக்கும் 3.5 சதவீதம் தருகிறது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடமும் சாலையும் போட்டுக் கொடுப்பது பிரெஞ்சு நகராட்சிதானே. லக்சம்பர்க் அப்படியெல்லாம் பங்கு தருவதில்லை என்று எல்லையோர பிரெஞ்சு மேயர்கள் பல ஆண்டாகக் குறைப்படுகிறார்கள்.

காப்பீடும் ஓய்வூதியமும் வரியைப் பின்பற்றுவதில்லை. அவற்றுக்கு ஐரோப்பிய விதி வேறு: வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணின் சட்டம். இந்த விதியைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்கே போக வேண்டாம், நம்மூர் ஆலைகளைப் பார்த்தால் போதும். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 1937 ஏப்ரலில் வந்த தொழிலாளர் ஆணை, எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. அதே சமயம் பக்கத்து பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலையில் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் எது பிரெஞ்சு, எது பிரிட்டிஷ் என்று வரப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிரிட்டிஷ் பக்கம் குடிசை வைத்துக்கொண்டு இங்கே ஆலைக்கு வந்த தொழிலாளிக்கு வேலை நேரத்தைத் தீர்மானித்தது அவர் தூங்கிய ஊரின் சட்டமா, தறி ஓடிய ஊரின் சட்டமா? தறி ஓடிய ஊரின் சட்டம்தான். ஐரோப்பா இன்று எழுதி வைத்திருப்பதும் அதுவே.

ஆகவே ஆன்மாஸ்காரரின் ஓய்வூதியப் பிடித்தம் ஸ்விட்சர்லாந்தில் சேரும். வயதானபின் எந்த நாட்டில் எத்தனை ஆண்டு கட்டினாரோ அந்த அளவுக்கு அந்தந்த நாடு தன் பங்கைத் தரும். மருத்துவத்துக்கு மட்டும் பிரான்ஸ்–ஸ்விஸ் ஏற்பாட்டில் ஒரு கிளை உண்டு: வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள், ஸ்விஸ் காப்பீடா பிரெஞ்சுக் காப்பீடா என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். ஸ்விஸ் காப்பீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம்; பிரெஞ்சுக் காப்பீட்டில் வருமானத்தில் ஒரு பங்கு. தனியாளுக்கு ஒன்று லாபம், பிள்ளைகுட்டிக்காரருக்கு இன்னொன்று. ஒரு முறை எழுதிக் கொடுத்தால் அவ்வளவு லேசில் மாற்ற முடியாது என்பதால், அந்த மூன்று மாதத்தில் எல்லோரும் எல்லோரையும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வேலை போனால்? இதுதான் விசித்திரம். பிடித்தம் செய்தது ஸ்விட்சர்லாந்து, ஆனால் வேலையில்லாக் காலத்து உதவித்தொகை தருவது வீடு இருக்கும் பிரான்ஸ். அதையும் ஸ்விஸ் சம்பளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிட வேண்டும். ஸ்விட்சர்லாந்து மூன்று முதல் ஐந்து மாதத் தொகையை பிரான்ஸுக்குத் திருப்பித் தரும், மிச்சம் பிரான்ஸின் தலையில். பாரிஸ் நிதி அதிகாரிகள் இதைப் பற்றி முணுமுணுக்காத ஆண்டு கிடையாது. என் கணிப்பில் இந்த ஏற்பாட்டில் சீக்கிரம் மாறப்போகிற பகுதி இதுதான்.

வீட்டிலிருந்தே வேலை என்ற பழக்கம் வந்தபின் இன்னொரு சிக்கல். கம்ப்யூட்டரை பிரெஞ்சு வீட்டு சாப்பாட்டு மேஜையில் திறந்தால் வேலை நடக்கிற மண் எது? பழைய விதிப்படி, வேலையில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வீடு இருக்கும் நாட்டில் நடந்தால் காப்பீடு முழுவதும் அந்த நாட்டுக்கு மாறிவிடும். முதலாளிக்கு அது பெரிய தலைவலி. 2023 ஜூலை 1 முதல், கையெழுத்திட்ட நாடுகளுக்குள், பாதிக்குக் குறைவாக வீட்டிலிருந்து பார்த்தால் பழைய காப்பீடே தொடரலாம் என்று தளர்த்தினார்கள். ஆனால் வரிக்கு அளவு வேறு: ஜெனீவாவுக்கு 40 சதவீதம் வரை, லக்சம்பர்க்குக்கு ஆண்டுக்கு 34 நாள். அதைத் தாண்டினால் வீட்டில் பார்த்த நாள்களின் சம்பளத்துக்கு பிரான்ஸ் வரி கேட்கும். லக்சம்பர்க் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் நாள்காட்டியில் வட்டம் போட்டு 34ஐ எண்ணுவது இதனால்தான்.

நாணய மாற்று விகிதத்தையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் தேசிய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று பிடித்து வைத்திருந்த வரம்பைத் திடீரென்று விட்டுவிட்டது. ஒரே காலையில் பிராங்க் எகிறியது. எல்லைப் பணியாளரின் சம்பளம், யூரோ கணக்கில், ஒரு நாளும் கூடுதலாக உழைக்காமல் ஏறியது. பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தவர்களுக்குக் கடனும் கூடவே ஏறியது.

ஆள் தாண்டுவது ஒன்று, சாமான் தாண்டுவது வேறொன்று. ஸ்விட்சர்லாந்து ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை. பிரான்ஸ் பக்கம் கறி விலை மலிவு என்று பையை நிரப்பிக்கொண்டு பாசலில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ கறிதான் வரி இல்லாமல் விடுவார்கள். மற்ற சாமான்களுக்கு ஆளுக்கு 150 பிராங்க் மதிப்பு வரை சலுகை. 2025 ஜனவரிக்கு முன் அது 300. கடலூர் சாலையில் முள்ளோடை சோதனைச் சாவடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆள் போகலாம், பாட்டில் போகக்கூடாது.

உண்மையில் நம்மூர் எல்லை ஒரு காலத்தில் முள்ளோடையைவிடக் கெடுபிடியானது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டிய கையோடு பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில் போட்டார்கள். அது அரசியல். அன்றாடம் போய் வருகிறவரை வாட்டியது சுங்கம். 1941இல் ஏற்பட்ட ஒரு சுங்க உடன்பாட்டால் சில ஆண்டு நிம்மதி. 1949இல் அதை இந்தியா முடித்துக்கொண்டபின் பிரெஞ்சுப் பகுதிகளைச் சுற்றி இந்தியச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. புதுச்சேரி ஒரே துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. விழுப்புரம் சாலையில் இன்றைக்கும் பார்க்கலாம்: வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டி வளவனூர் தமிழ்நாடு. இன்று பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற இந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் 1954 நவம்பர் 1 வரை இரண்டு அரசுகளின் எல்லை. புதுச்சேரிச் சந்தைக்கு வரும் மதகடிப்பட்டு விவசாயி சொந்த அரசாங்கத்தின் நிலத்திலிருந்து சொந்த அரசாங்கத்தின் நிலத்துக்குப் போக இடையில் அயல்நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது.

ஆக, தினமும் நாடு தாண்டுகிற பிழைப்பு இரண்டு அரசுகளின் சம்மதத்தில் தொங்குகிறது. சம்மதம் இருக்கும்வரை யாருக்கும் அது தெரியாது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் எல்லோருக்கும் தெரிந்தது. கடலூர்–புதுச்சேரி எல்லையிலேயே பாஸ் கேட்டார்கள் என்றால் மற்றதைச் சொல்ல வேண்டாம். ஐரோப்பாவில் எல்லைகளை மூடினாலும் வேலைச் சான்று காட்டிய எல்லைப் பணியாளரை விட்டார்கள்; அவர்கள் வராவிட்டால் லக்சம்பர்க்கிலும் ஜெனீவாவிலும் ஆஸ்பத்திரி நடக்காது. வீட்டிலிருந்து பார்த்த நாள்களை வரிக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அவசர அவசரமாக ஏற்பாடுகளும் செய்துகொண்டார்கள்.

ஆசியாவில் அந்த விட்டுக்கொடுப்பு இல்லை. மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலச்சாலை வழியாக, நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் கடப்பார்கள். அவர்களில் மலேசியத் தமிழர்கள் ஏராளம். விடியற்காலை நாலு மணிக்கே பைக்குகள் வரிசை கட்டும். மார்ச் 16 ராத்திரி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது, 18ஆம் தேதி அமல். சிங்கப்பூரில் தங்கி வேலையைக் காப்பதா, வீட்டோடு இருந்து சம்பளத்தை இழப்பதா என்று முடிவெடுக்க இடையில் ஒரே நாள். மாற்றுத்துணி ஒன்றோடு பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தங்க இடம் தேடித் தர, ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் 14 ராத்திரிக்கு முதலாளிகளுக்கு சிங்கப்பூர் அரசு உதவியது. ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டிலும், குறைந்தது 90 நாள் வேலை பார்த்தபின்தான் ஊருக்குப் போய் வரலாம். தரைவழி பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று.

கடலூர் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "பக்கத்துல நிக்கிற மலேசியாக்காரர் ஜோகூர்ல மலிவா வீடெடுத்து இருக்கார், நாம மட்டும் ஏன் டார்மிட்டரியில கிடக்கணும்?" காரணம் அந்த மலேசியாக்காரர் வீடு திரும்புவது தன் சொந்த நாட்டுக்கு. பண்ருட்டிக்காரருக்கு ஜோகூர் மூன்றாவது நாடு. அங்கே குடியிருக்கத் தனி உரிமை வேண்டும், சுற்றுலா அனுமதியில் குடியிருக்க முடியாது. கட்டுமான ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறவருக்குத் தங்குமிடத்துக்குப் பொறுப்பும் முதலாளியுடையது. மலேசியாக்காரருக்கும் எல்லாம் சாதகமில்லை. சிங்கப்பூரின் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே; இருபது வருஷம் பாலம் கடந்தாலும் முதலாளி பங்கென்று அதில் அவர் பேருக்கு எதுவும் சேராது. ஜெனீவாவில் துடைப்பம் பிடிக்கிற ஆன்மாஸ்காரருக்குக் கிடைக்கிற ஓய்வூதியப் பங்கு, சிங்கப்பூரில் பட்டறை நடத்துகிற மலேசிய சூப்பர்வைசருக்குக் கிடையாது.

பாலத்துக்கு மாற்றாக ஜோகூர் பாருவின் புக்கிட் சாகரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நாலு கிலோமீட்டர் ரயில் பாதை 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றும். இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துக்கொள்வார்கள், இறங்குகிற இடத்தில் வரிசை இருக்காது. சேமநிதியைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை.